ரியர் நேக்கட் சோக்: கை கழுத்துக்குள்ள போகுது, ஆள் டாப் அடிக்க மாட்டேங்கிறான்

#1 லயத்து_நீலப்பட்டை, பகாவ்
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நம்ம பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபம்) வாரம் மூன்று ராத்திரி நடக்கிற நோ-கி வகுப்புக்காக, அதாவது கி சட்டை போடாமல் பழகும் ஜியு-ஜிட்சு வகுப்புக்காகக் கேட்கிறேன். வெள்ளைப்பட்டை, நீலப்பட்டை எல்லாருக்கும் ரியர் நேக்கட்டில் (முதுகுப்பக்கமிருந்து கையால் கழுத்தை இறுக்கும் பூட்டு) ஒரே மூன்று சிக்கல். ஒன்று, கை மோவாய்க்குக் கீழே சரியாகப் போய்விடுகிறது, 20 நொடி இறுக்கினாலும் எதிராளி இருமுகிறானே தவிர டாப் அடிப்பதில்லை (தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டுவதில்லை). இரண்டு, அதற்குள் இறுக்குகிறவன் முன்கை கல்லாகிப்போய் அடுத்த ரவுண்டுக்குப் பிடியே நிற்பதில்லை. மூன்று, மோவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டால் உள்ளே போகவே வழியில்லை. எங்கே தப்பு நடக்கிறது?

#2 ரோம்பின்_பழுப்பு
தம்பி, முதல் சிக்கலுக்குப் பதில் உன் கேள்வியிலேயே இருக்கு. 20 நொடி. சரியாகப் பூட்டிய ரியர் நேக்கட் 10 நொடி சுற்றி ஆளை மயக்கிவிடும், அதனால் விவரம் தெரிந்தவன் மூன்று நாலு நொடியிலேயே டாப் அடிப்பான். 20 நொடி ஓடியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பலம் போதாமல் இல்லை, இடம் தப்பு. விட்டுவிட்டு மறுபடி வை.

எந்த இடம் என்று விரலால் பார்த்துக்கொள். குரல்வளை மேட்டிலிருந்து இரண்டு விரல் பக்கவாட்டில் தள்ளி மெதுவாக வை, துடிப்பு தெரியும். அதுதான் மூளைக்கு ரத்தம் ஏற்றும் கழுத்துத் தமனி. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் தொட்டுப் பார். இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பார்க்காதே.) நடுவில் இருக்கிற மூச்சுக்குழாயில் நமக்கு வேலை இல்லை. வலது கையால் போடுகிறாய் என்றால் முழங்கை மடிப்பு நேராக மோவாய்க்குக் கீழே, அவன் மூக்குக்கு நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். அப்போது உன் மேல்கை அவன் வலது தமனியிலும், முன்கை இடது தமனியிலும் உட்காரும். மடிப்புக்குள்ளே குரல்வளைக்குக் காற்றாட இடம் இருக்கும்.

பெரும்பாலும் என்ன நடக்குது? இறுக்க ஆரம்பித்ததும் முழங்கை அவன் வலது தோள் பக்கம் நழுவிவிடுகிறது. இப்போது குரல்வளைமேல் குறுக்கே கிடப்பது முன்கை எலும்பு. இருமல் அதனால்தான் வருது.

அவன் உடம்பு சொல்வதைக் கேட்டால் தப்பு தானாகத் தெரியும். இருமினால், தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால், முழங்கை நழுவியிருக்கு. தாடை வலிக்குது என்றால் கை மோவாய்க்குக் கீழே போகவே இல்லை. முகம் சிவந்து வீங்கின மாதிரி இருக்கு, ஆனால் தெளிவாக உன் கையோடு சண்டை போடுகிறான் என்றால், மேலோட்டமாக ஓடும் சிரைதான் அடைபட்டிருக்கு, தமனி திறந்திருக்கு. அநேகமாக ஒரு பக்கம் சரியாக அழுந்தவில்லை.

#3 ஊதா_அக்கா, பத்து கிக்கிர்
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், முன்கை கல்லாகிற விஷயம்.

நம்ம பக்கம் செம்பனைக் குலை வெட்டுகிற தம்பிகள் நிறைய பேர் வகுப்புக்கு வருகிறார்கள். நீளக் கம்பு பிடித்துப் பிடித்து அவர்களுக்கு முன்கையும் பிடியும் இரும்பு. அதனாலேயே இந்தப் பூட்டை எல்லாரும் முன்கையால் முடிக்கப் பார்க்கிறார்கள். கையை மடக்கி நசுக்குவது சின்னத் தசை, ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகும். முதுகுத் தசை அப்படித் தீராது.

வலது கை உள்ளே போனதும், உள்ளங்கையை உங்கள் இடது மேல்கைமேல் வையுங்கள். விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டாம், தொற்றிக்கொண்டிருந்தால் போதும். இடது கையை அவன் பின்னந்தலைக்குப் பின்னால் செருகுங்கள். இப்போது இரண்டு முழங்கையையும் ஒன்றையொன்று தொடப் போகிற மாதிரி கிட்டே கொண்டுவந்து கீழே இறக்குங்கள். அதே நேரம் இரண்டு தோள்பட்டை எலும்பையும் முதுகில் சேர்த்து இழுத்து, மூச்சை உள்ளே வாங்கி நெஞ்சை விரியுங்கள். உங்கள் நெஞ்சு அவன் பிடரியை முன்னே தள்ளும், கை பின்னே இழுக்கும், கழுத்து நடுவில் மாட்டும். வெடுக்கென்று இழுக்காமல் மூன்று நொடி எடுத்து ஏற்றுங்கள். மெதுவாக ஏறுகிற அழுத்தத்தில் டாப் அடிக்க அவனுக்கும் நேரம் கிடைக்கும்.

கை குட்டை, மேல்கை எட்டவில்லை என்று என்னிடம் கேட்கிற பெண்பிள்ளைகள் பலர். கையை நீட்டி எட்டப் பார்க்காதீர்கள். வலது தோளையே முன்னே கொண்டுவாருங்கள், தோள் அவன் பிடரியில் ஒட்டுகிற வரைக்கும். தோள் ஒரு அங்குலம் ஆழமாகப் போனால் உள்ளங்கை ஒரு அங்குலம் கூடுதலாக எட்டும். பெரும்பாலானவர்கள் நெஞ்சுக்கும் அவன் முதுகுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி விட்டுவிட்டு, பிறகு கை நீளம் இல்லை என்கிறார்கள்.

#4 கெமாயான்_வெள்ளை
அக்கா, இடது கையைப் பின்னந்தலையில் எப்படி வைப்பது? ஒருத்தர் உள்ளங்கையால் தலையை முன்னே தள்ளு என்கிறார், இன்னொருத்தர் தள்ளவே கூடாது என்கிறார்.

#5 ஊதா_அக்கா, பத்து கிக்கிர்
இரண்டும் வேலை செய்யும், ஆனால் ஒன்றில் ஓட்டை இருக்கு. உள்ளங்கையை உச்சந்தலைப் பக்கம் வைத்துத் தள்ளினால் உங்கள் விரல் அவன் கைக்குச் சுலபமாகச் சிக்கும். கையைப் பின்னே கொண்டுவந்து அந்த விரல்களைப் பிடித்து உரித்துவிடுவான், பூட்டு மொத்தமும் கழன்றுவிடும்.

நான் சொல்லிக்கொடுப்பது இப்படி. இடது கையைக் கத்தி மாதிரி நிமிர்த்தி, புறங்கை அவன் பிடரியை உரசும்படி கீழேயே நுழையுங்கள், மண்டையும் கழுத்தும் சேர்கிற பள்ளத்தில். நுழைந்ததும் உங்கள் கன்னத்தை அந்தக் கைமேல் சாய்த்து மூடுங்கள். அவன் தேடினாலும் பிடிக்க விரல் கிடைக்காது, உங்கள் தலைதான் கிடைக்கும். தலைக்கும் தலைக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது.

#6 ரோம்பின்_பழுப்பு
இதில் அக்காவோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. கழுத்து தடித்த ஆளுக்கு உள்ளங்கை வைத்துத் தள்ளுவதுதான் சீக்கிரம் முடியும். ஆனால் அது கடைசி அடி. பூட்டு முழுதாக விழுந்து, அவன் இரண்டு கையும் முன்னே வேலையாக இருக்கும்போதுதான் வைக்கணும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அக்கா சொன்னதே சரி.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் கை உள்ளே போன பிறகு நடப்பதைப் பேசுகிறீர்கள். இந்தப் பூட்டில் முக்கால்வாசி அதற்கு முன்னாலேயே முடிவாகிவிடும்.

முதுகு கிடைத்ததும் சீட்பெல்ட் பிடி. வலது கை அவன் வலது தோளுக்கு மேலாக, இடது கை அவன் இடது அக்குளுக்குக் கீழாக, இரண்டும் அவன் நெஞ்சில் சேரும். அக்குள் வழியாக வரும் கை, தோளுக்கு மேலாக வரும் கையை மூடியிருக்க வேண்டும். ஏனென்றால் அவன் பிடிக்க வருவது சோக் போடப்போகிற வலது கையை. அது வெளியே தெரிந்தால் இரண்டு கையாலும் பிடித்துத் தோள்மேல் தூக்கி வெளியே எடுத்துவிடுவான். விரல்களைப் பின்னிக்கொள்ளாதீர்கள், பின்னினால் வேண்டிய நேரத்தில் பிரிக்க முடியாது.

அடுத்து எந்தப் பக்கம் சாய்வது. வலது கை மேலே என்றால் வலது பக்கம் சாயுங்கள், உங்கள் வலது தோள் மேட்டில் (பயிற்சி மெத்தையில்) படும்படி. அப்போது உங்கள் இடது காலும் இடது கையும் மேலே சும்மா இருக்கும். அந்த இடது கையால் அவன் இடது மணிக்கட்டைப் பிடித்து அவன் இடுப்புப் பக்கம் தள்ளி, உங்கள் இடது காலை அந்தக் கைக்கு மேலாகப் போட்டு அடைத்துவிடுங்கள். இப்போது அவனிடம் ஒரே கை. உங்களிடம் இரண்டு கை. ஒரு கையால் இரண்டு கையைத் தடுக்க யாராலும் ரொம்ப நேரம் முடியாது.

இடது பக்கம் விழுந்தால் கதை மாறிவிடும். அக்குள் பக்கம் தளர்ந்த பக்கம். அங்கே அவன் தோள்பட்டையை மேட்டில் ஊன்றி, இடுப்பை நகர்த்தி, உங்கள் பக்கம் திரும்பிவிடுவான். அப்படி விழுந்துவிட்டால் சோக் தேடாதீர்கள். நெஞ்சை ஒட்டி, இடுப்பைத் தூக்கி, மறுபடி வலது பக்கம் உருட்டிக்கொண்டு வந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

#7 லயத்து_நீலப்பட்டை, பகாவ்
நன்றி அண்ணே. கை அடைக்கிற பகுதி எங்களில் யாரும் செய்ததே இல்லை. கால் விஷயமும் கேட்கணும். ஹூக் போட்டதும் பாதத்தைக் குறுக்கே பின்னிக்கொண்டால் உறுதியாக இருக்கிற மாதிரித் தெரியுதே?

#8 சிரம்பான்_கறுப்பு
அதைச் செய்யக்கூடாது. முன்பக்கம் கணுக்காலைக் குறுக்கே பின்னினால், அவன் தன் காலை உங்கள் பாதத்துக்கு மேலே போட்டு இடுப்பை நீட்டுவான், கணுக்கால் பூட்டு அவனுக்கு விழும். முதுகில் உட்கார்ந்திருந்துகொண்டு நீங்கள் டாப் அடிக்க வேண்டிவரும்.

ஹூக் என்றால் குதிகால் அவன் தொடையின் உள்பக்கம், பாதம் வெளிப்பக்கம் திரும்பி, முழங்கால் இரண்டும் அவன் விலாவை நெருக்கியபடி. கால் நீளமானவர்கள் உடம்பு முக்கோணம் போடலாம். ஒரு காலை அவன் வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய் இன்னொரு முழங்கால் மடிப்பில் பூட்டுவது. பிடி அசையாது, அவன் மூச்சும் குறையும். ஆனால் போட்டிக்குப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதியில் முதுகுப் பிடிக்கு 4 புள்ளி, இரண்டு ஹூக்கும் வைத்து 3 நொடி நிற்கணும். முக்கோணத்துக்கு ரொம்ப காலம் அந்தப் புள்ளி கொடுக்கவில்லை, இப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹூக்கில் புள்ளியை வாங்கிக்கொண்டு பிறகு முக்கோணத்துக்கு மாறுங்கள்.

#9 கெமாயான்_வெள்ளை
இதை ஏன் 'நேக்கட்' என்கிறார்கள்?

#10 சிரம்பான்_கறுப்பு
ஜூடோவில் இதன் பெயர் ஹதாகா ஜிமே. ஹதாகா என்றால் வெற்றுடம்பு, நிர்வாணம். கி சட்டையின் காலரைப் பிடிக்காமல் வெறுங்கையால் போடுவது. பிரேசிலில் 'மாட்டா லெயாவோ', சிங்கத்தைக் கொல்வது. 1993 நவம்பர் 12-ஆம் தேதி முதல் யூஎஃப்சி (கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி) இறுதிச் சுற்றில் ராய்ஸ் கிரேசி ஜெரார்ட் கோர்டோவை முடித்தது இதில்தான். 2003 ஏடிசிசி என்ற மல்யுத்தப் பிடிப் போட்டியில் மார்செலோ கார்சியா, ஷாவோலின் ரிபெய்ரோவை இதே பூட்டில் மயக்கமடையச் செய்தார். அந்தக் காணொளி கிடைத்தால் சோக்கை விட்டுவிட்டு, அதற்கு முன் முதுகுக்குப் போகிற வேகத்தையும் நெஞ்சு ஒட்டுகிற விதத்தையும் பாருங்கள். உயரமோ கை நீளமோ பெரிதாக இல்லாதவர் அவர்.

#11 தாதி_மேட்
மருத்துவப் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். பாலாய் ராயா மாதிரி இடத்தில் பயிற்சி எடுக்கிறவர்கள் இதை முழுசாகப் படியுங்கள்.

டாப் என்பது எதிராளியின் உடம்பில் இரண்டு மூன்று தடவை தட்டுவது. மேட்டில் தட்டினால் சத்தத்தில் கேட்காமல் போகலாம். கை அடைபட்டிருந்தால் காலால் மேட்டை அடி, அல்லது வாயால் சொல். சோக் போடுகிறவர் கேட்பதோடு நிற்காமல் உணரவும் வேண்டும்: உங்களைப் பிடித்திருந்த அவர் விரல்கள் திடீரென்று தளர்ந்தால், குறட்டை மாதிரி சத்தம் வந்தால், உடம்பு சின்னதாகத் துடித்தால், டாப் வரவில்லை என்றாலும் உடனே விடுங்கள். அவர் ஏற்கெனவே மயங்கிவிட்டார்.

மயங்கினவரைப் படுத்த நிலையிலேயே வையுங்கள். காலைக் கொஞ்சம் உயர்த்தலாம். வாந்தி வந்தாலோ மூச்சு சரியாக இல்லையென்றாலோ ஒருக்களித்துத் திருப்புங்கள். உட்கார வைக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், குடிக்கக் கொடுக்காதீர்கள், கன்னத்தில் அறையாதீர்கள். விட்டதும் 10, 20 நொடிக்குள் கண் திறக்க வேண்டும். அரை நிமிடம் ஆகியும் எழவில்லை என்றால் 999. மூச்சே இல்லையென்றால் 999-ஐ அழைத்தபடியே நெஞ்சை அமுக்க ஆரம்பியுங்கள். எழுந்தாலும் அன்றைக்கு அவருக்கு ரோல் (பயிற்சிச் சண்டை) கிடையாது, மோட்டார் சைக்கிள் ஓட்டி வீட்டுக்குப் போகவும் விடாதீர்கள்.

இன்னொன்று அரிது, ஆனால் தெரிந்திருக்கணும். கழுத்தில் அழுத்தம் பட்டுத் தமனியின் உள்சுவர் கிழியலாம். அறிகுறி அன்றைக்கே வராமல் சில நாள் கழித்தும் வரலாம். ஒரு பக்கக் கழுத்து வலி, இதுவரை இல்லாத தலைவலி, ஒரு கண் இமை மட்டும் இறங்குவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது. இதில் எது வந்தாலும் தைலம் தேய்த்துப் பார்க்காமல் நேரே ஜெம்போல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், கழுத்து நெரிபட்டது என்று மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டாக்டருக்கு அந்தத் திசையில் யோசிக்கக் காரணம் இருக்காது. ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்தப் பயிற்சிக்கு வர வேண்டாம்.

#12 லயத்து_நீலப்பட்டை, பகாவ்
மிக்க நன்றி. இதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுகிறோம். மோவாய் பிரச்சினை மட்டும் பாக்கி.

#13 ரோம்பின்_பழுப்பு
மோவாயை இறக்கிக்கொண்டவனிடம் முன்பக்கமாக நேரே நுழையப் பார்க்காதே. அங்கே எலும்புக்கு எதிரே எலும்பு. பக்கவாட்டில் வா. கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு எலும்பைக் காதுக்குக் கீழே, தாடை முடிகிற மூலையில் வை. அங்கே எவ்வளவு மோவாயை இறக்கினாலும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதிலிருந்து தாடையின் அடிவிளிம்பை உரசியபடி கையை முன்னே ஓட்டு, ஓட்டும்போதே உள்ளங்கையைக் கீழிருந்து உன் பக்கம் திருப்பு. திரும்புகிற எலும்பு மோவாயைத் தானாக மேலே நெம்பும். ரப்பர் மரத்தோல் மேலே பால் வெட்டும் கத்தி வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி, விளிம்பை விட்டு விலகாமல் போகணும். குத்தினால் மாட்டாது.

அதுவும் நடக்காவிட்டால் இடது உள்ளங்கையை அவன் நெற்றியில் வைத்துத் தலையைப் பின்னே சாய். நெற்றிக் கையைத் தடுக்க அவன் கை மேலே வரும், அந்த நேரம்தான் வலது கைக்கு வழி. விரல் கண்ணிலோ மூக்கிலோ படக்கூடாது.

தாடைமேலேயே பூட்டி நசுக்குவதைப் பற்றி: முடியும், வலிக்கும், சிலர் டாப் அடிப்பார்கள். வகுப்பில் அதைச் செய்யாதீர்கள். பல்லும் தாடை மூட்டும் போகும், கழுத்தும் முறுக்கும். கழுத்தை மட்டும் முறுக்கும் பூட்டுக்கு ஐபிஜேஜேஎஃப் விதியில் எல்லாப் பட்டைக்கும் தடை. அதைவிட, தாடையில் வென்று பழகினவன் கழுத்தைத் தேடுவதை நிறுத்திவிடுகிறான். எனக்கு அதுதான் பெரிய கவலை.

#14 மேட்_துடைப்பவர்
நம்ம வெக்கைக்கு ஒரு வார்த்தை. மழை பெய்து ஓய்ந்த ராத்திரியில் மண்டபத்துக்குள் காற்றே இருக்காது, பத்து நிமிடத்தில் கை எல்லாம் வழுக்கும். முழுக்கை ரேஷ்கார்ட் (உடம்போடு ஒட்டும் பயிற்சிச் சட்டை) போட்டால் துணி உரசி பிடி நிற்கும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவில் கழுத்தையும் முன்கையையும் துண்டால் துடையுங்கள். மணிக்கட்டைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சேர்த்து நாலு விரலோடு கொக்கி மாதிரிப் போட்டால் வியர்வையில் நழுவுவது குறையும்.

முன்கையும் கழுத்தும் உரசுகிற பூட்டு இது, படர்தாமரை பரவுவதும் அந்த வழியில்தான். மேட்டை முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு கிருமிநாசினி, குப்பியில் போட்டிருக்கிற நேரம் வரைக்கும் ஈரமாக விட்டுத் துடையுங்கள். தோலில் வட்டம் தெரிந்தவர் மருந்து போட்டு ஆறுகிற வரைக்கும் வெளியே உட்கார்ந்து பார்க்கலாம்.

#15 ஊதா_அக்கா, பத்து கிக்கிர்
பயிற்சிக்கு வருவோம். தனியாக இருக்கும்போது: தரையில் உட்கார்ந்து வலது முழங்காலை மடக்கி நெஞ்சோடு வைத்து, அதையே ஒரு தலையாக நினைத்துப் பூட்டுங்கள். முழங்கை மடிப்பு முழங்கால் சில்லுக்கு நேரே நிற்குதா, உள்ளங்கை இடது மேல்கையில் விழுதா, இடது கை மறைவாக நுழையுதா, கன்னம் மூடுதா. பக்கத்துக்கு 20 தடவை. இறுக்க வேண்டாம். தோள்பட்டையைச் சேர்த்து இழுக்கிற பழக்கத்துக்குப் பழைய மோட்டார் டியூப்பைத் தூணில் கட்டி, உட்கார்ந்து 15 இழுப்பு, 3 தடவை.

ஜோடியாக, முதலில் கைச்சண்டை மட்டும். சீட்பெல்ட்டில் தொடங்கி 2 நிமிடம். கீழே இருப்பவர் கையால் தடுக்கலாம், உருண்டு தப்பக்கூடாது. மேலே இருப்பவர் சோக்கை முடிக்கக்கூடாது, வலது உள்ளங்கை அவர் இடது தோளைத் தொட்டால் ஒரு புள்ளி, விட்டு மறுபடி. ஆளுக்கு மூன்று ரவுண்டு.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பயிற்சி. பூட்டை முழுதாக வைத்து, மூன்று நொடியில் மெதுவாக ஏற்றுங்கள். கீழே இருப்பவர் வாயால் சொல்ல வேண்டும்: "வலது இருக்கு, இடது இல்லை", "குரல்வளையில் இடிக்குது", "இப்ப சரி". சரி என்ற உடனே விடுங்கள், மயக்கம் வரை யாரும் போகக்கூடாது. முழங்கையை ஒரு விரல்கடை நகர்த்தினால் அந்த "இல்லை" எப்படி "சரி" ஆகிறது என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும். ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரி நாலைந்து தடவை போதும், கழுத்துக்கும் ஓய்வு வேண்டும்.

#16 கெமாயான்_வெள்ளை
கடைசியாக ஒன்று. நான் அடிக்கடி கீழே மாட்டுகிற ஆள். தப்பிப்பதற்கு முதலில் எதைப் பிடிக்கணும்?

#17 சிரம்பான்_கறுப்பு
தோளுக்கு மேலே வருகிற கையை, இரண்டு கையாலும். இன்னொரு கை என்ன செய்தாலும் அது தனியாக உங்களை மயக்காது. பிடித்ததும் தோளைக் காது வரை தூக்கி, பிட்டத்தை முன்னே நகர்த்தி உடம்பைக் கீழே வழுக்குங்கள். அவர் வலது கை மேலே என்றால் நீங்கள் போக வேண்டியது உங்கள் இடது பக்கம், அக்குள் பக்கம். முதுகு மேட்டைத் தொட்டதும் அவரை விட்டுத் திரும்பாமல் அவர் பக்கமே திரும்புங்கள். உள்ளங்கை அவர் மேல்கையில் விழுந்த பிறகும் ஒரு வாய்ப்பு உண்டு, பின்னந்தலைக்குப் போகிற கையைப் பிடித்து இறக்குவது. அதுவும் உள்ளே போய்விட்டால் டாப் அடியுங்கள்.

#18 லயத்து_நீலப்பட்டை, பகாவ்
இடது கையாலும் சோக் பழகணுமா அண்ணே, இல்லை வலதே போதுமா?

#19 ரோம்பின்_பழுப்பு
பழகணும். எந்தத் தோள் மேலே கை போகும் என்பதை முதுகு கிடைக்கிற விதம்தான் முடிவு பண்ணும், உன் விருப்பம் இல்லை. முதல் இரண்டு மாதம் வலதில் மூன்று செய்தால் இடதில் ஒன்று. பிறகு சமமாக ஆக்கு. இடதில் செய்யும்போது முழங்கை இன்னும் வேகமாக நழுவும், அதனால் அக்கா சொன்ன வாயால் சொல்கிற பயிற்சியை அந்தப் பக்கம் முதலில் செய். வியாழக்கிழமை நான் பகாவ் பக்கம் வருகிறேன், ஏழரைக்கு மேட் விரித்து வையுங்கள்.